கூடிய சம்பளம் குறைந்த கதை

மும்பை ரெயில்வே குமாஸ்தா ஒருவர் எழுதுவது

தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு நீண்ட நாள் பழக்கம். நெல்லைச் சீமைக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. மனைவியும் மகளும் ஊரில் இருக்கிறார்கள். மனைவி பீடி சுற்றுகிறார். அண்ணாச்சி இங்கே நாலு பேரோடு ஒரு ரூமில் பங்குக்கு இருக்கிறார்.

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் குவார்ட்டர்சுக்கு வந்தார். கையில் ஒரு காகிதம்.

"தம்பி, நீ ஆபீஸ்ல சம்பளக் கணக்கு எழுதுத ஆளு. இதைப் பார்த்துச் சொல்லு. கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

பட்டறை முதலாளி எழுதிக் கொடுத்த காகிதம் அது. அதில் இருந்த விவரம் வருமாறு:-

அண்ணாச்சி அப்போது வாங்கிய சம்பளம் மாதம் 16,500 ரூபாய். ஆண்டுதோறும் தீபாவளிக்கு 500 ரூபாய் கூட்டிக் கொடுப்பது வழக்கம். இனி அந்த வழக்கம் கிடையாது. அதற்குப் பதிலாக ஏப்ரல் முதல் மாதம் 18,500 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு அதே தொகை, கூடாது, குறையாது.

"ஒரே அடியா ரெண்டாயிரம் கூடுது" என்றார் அண்ணாச்சி. ஆனால் முகத்தில் முழுச் சந்தோஷம் இல்லை. சற்று நேரம் கழித்து மனதில் இருந்ததைச் சொன்னார்.

"2016-ல 12 ஆயிரம் வாங்கினேன். இப்போ பதினாறரை ஆயிரம் வாங்குதேன். நாலரை ஆயிரம் கூடியிருக்கு. ஆனா அப்போ இருந்த தெம்பு இப்போ இல்லையே தம்பி. கூடுன காசு எங்கே போச்சு?"

அண்ணாச்சி கேட்ட இந்தக் கேள்வியை, மும்பையில் உழைக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் என்றைக்காவது கேட்டிருப்பார்கள். பொருளாதாரப் பாடத்தின் முதல் சில பக்கங்களிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. பத்தாவது பாஸ் செய்து, கலாசியாகச் சேர்ந்து, இலாகா பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனவன். சம்பளப் பட்டியல் போட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் அண்ணாச்சிக்குச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

இரண்டு கூலி

நாம் வாங்கும் கூலி ஒன்று அல்ல, இரண்டு.

கவரில் போட்டுக் கொடுக்கும் ரூபாய் ஒரு கூலி. இதைப் பணக்கூலி என்பார்கள். அந்த ரூபாயைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் எவ்வளவு அரிசி, எவ்வளவு எண்ணெய், எத்தனை நாள் வாடகை கிடைக்கிறதோ, அது இன்னொரு கூலி. இதற்கு உண்மைக்கூலி என்று பெயர்.

பணக்கூலியை முதலாளி நிர்ணயிக்கிறார். உண்மைக்கூலியைக் கடைத்தெருவும் சேர்ந்து நிர்ணயிக்கிறது. பணக்கூலி ஏறும்போதே உண்மைக்கூலி இறங்கலாம். அண்ணாச்சிக்கு நடந்தது அதுதான்.

ஆனால் "விலை ஏறிப்போச்சு" என்று பொதுவாகச் சொன்னால் கணக்கு ஆகாது. எவ்வளவு ஏறியது என்று அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அதுதான் விலைவாசிப் புள்ளி.

புள்ளி என்றால் என்ன?

மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் லேபர் பீரோ என்ற அலுவலகம் இருக்கிறது. தொழில் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைப் புள்ளியைக் கணக்கிடுவது அதன் வேலை. நாடெங்கும் 88 தொழில் நகரங்களில் உள்ள 317 மார்க்கெட்டுகளில் விலை கேட்டு எழுதுகிறார்கள். அந்த நகரங்களில் மும்பையும் ஒன்று.

2016ஆம் ஆண்டில் ஒரு தொழிலாளி குடும்பம் வாங்கிய சாமான்களை எல்லாம் ஒரு கூடையில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடையின் அன்றைய விலையை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். அதே கூடையை இன்றைக்கு வாங்க எவ்வளவு ஆகும்? அந்தத் தொகையே இன்றைய புள்ளி.

2024 டிசம்பர் மாதப் புள்ளி 143.7. அதாவது 2016இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 2024 டிசம்பரில் 143 ரூபாய் 70 காசு கொடுக்க வேண்டும்.

கூடையில் எல்லாச் சாமானுக்கும் ஒரே கனம் கிடையாது. 100 ரூபாய்ச் செலவில் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய 39 ரூபாய், வீட்டுக்கு 17, துணிமணி செருப்புக்கு 6, எரிபொருள் விளக்குக்கு ஐந்தரை, வெற்றிலை பாக்கு புகையிலை வகைக்கு 2, வைத்தியம், படிப்பு, பஸ், ரெயில் போன்ற மற்றவற்றுக்கு 30 என்று பங்கு வைத்திருக்கிறார்கள். தக்காளி விலை இரண்டு மடங்கு ஆனாலும் புள்ளி இரண்டு மடங்கு ஆகாததற்கு இதுதான் காரணம். கூடையில் தக்காளியின் பங்கு எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் அது புள்ளியைத் தூக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1982ஆம் ஆண்டுக் கூடையில் சாப்பாட்டின் பங்கு 57. 2001 கூடையில் 46. 2016 கூடையில் 39. வருமானம் கூடக்கூட, செலவில் சாப்பாட்டின் பங்கு குறையும். எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மன் புள்ளிவிவர நிபுணர் 1857ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டு சொன்னார்.

அப்படியானால் வருமானம் குறைந்தவன் கூடையில் சாப்பாடு அதிகம் இருக்கும். அண்ணாச்சி இங்கே தனக்காகச் செய்யும் செலவு மாதம் 8,000 ரூபாய். அதில் மெஸ் சாப்பாட்டுக்கு மட்டும் 4,500. பாதிக்கும் மேல்! ஆகவே அரிசி, பருப்பு, காய்கறி விலை ஏறும்போது, சர்க்கார் புள்ளி காட்டுவதைவிட அவருக்கு அடி பலமாக விழும்.

அண்ணாச்சியின் கணக்கு

இனி அவர் கேள்விக்கு வருவோம்.

2016இல் அவர் சம்பளம் 12,000. புள்ளி 100. 2024 டிசம்பரில் புள்ளி 143.7. அதே இடத்தில் நிற்க வேண்டுமானால் அவர் சம்பளம் 12,000 பெருக்கல் 143.7 வகுத்தல் 100, அதாவது 17,244 ரூபாய் இருந்திருக்க வேண்டும். அவர் வாங்கியது 16,500. மாதம் 744 ரூபாய் துண்டு விழுகிறது.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். 16,500ஐ 143.7ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 11,482 ரூபாய் வருகிறது. 2024 டிசம்பரில் அவர் வாங்கிய 16,500 ரூபாய், 2016ஆம் ஆண்டுக் கணக்கில் 11,482 ரூபாய்க்குச் சமம். ஒன்பது தீபாவளிக்கு ஒன்பது முறை சம்பளம் கூடியது. கூடிக் கூடி 518 ரூபாய் குறைந்திருக்கிறது!

கணக்கைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. "அப்போ என் மேல தப்பு இல்லை. நான் ஊதாரித்தனமா செலவு பண்ணுதேன்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றார்.

பஞ்சப்படி வந்த வழி

"சரி, உனக்கு மட்டும் எப்படி இது நேரலை?" என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி.

ரெயில்வே, தபால் போன்ற சர்க்கார் வேலைக்காரர்களுக்குப் பஞ்சப்படி இருக்கிறது. இப்போது அகவிலைப்படி என்று எழுதுகிறோம். அகவிலை என்றால் தானிய விலை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தானிய விலை ஏறியபோது, குறைந்த சம்பளக்காரர்கள் தாக்குப்பிடிப்பதற்காக வந்த படி இது. பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது.

ஆனால் அது சும்மா வந்துவிடவில்லை. 1972இல் மழை பொய்த்தது. 1973 கடைசியில் பெட்ரோலிய எண்ணெய் விலை உலகம் முழுவதும் பல மடங்கு ஏறியது. 1974இல் நம் நாட்டில் விலைவாசி ஒரே ஆண்டில் 20 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. அந்த ஆண்டு மே 8ஆம் தேதி ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ரெயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ 20 நாள் நடந்தது. விலைப் புள்ளிக்குத் தக்கபடி பஞ்சப்படி என்பது அப்போதைய கோரிக்கைகளில் ஒன்று. நான் பிறப்பதற்கு முந்திய கதை. ஓய்வு பெற்ற சீனியர்கள் சொல்லக் கேட்டது.

அதே 1974இல் இன்னொரு சட்டமும் வந்தது. புதிதாகக் கூடும் பஞ்சப்படியில் பாதியைக் கையில் கொடுக்காமல் கட்டாய வைப்பாகப் பிடித்துவைத்தார்கள். கடையில் சாமான் குறைவாக இருக்கும்போது கையில் பணம் அதிகம் புழங்கினால் விலை மேலும் ஏறும் என்பது சர்க்கார் சொன்ன காரணம். விலை ஏறியதால்தானே படி கேட்கிறோம் என்பது தொழிலாளர் சொன்ன பதில். இரண்டிலும் உண்மை உண்டு. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இப்போதுள்ள முறை இதுதான்: ஜனவரி 1, ஜூலை 1 என்று ஆண்டுக்கு இரண்டு முறை, அதற்கு முந்திய 12 மாதப் புள்ளிகளின் சராசரியைப் பார்க்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் சராசரியை விட அது எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறதோ, அடிப்படைச் சம்பளத்தில் அத்தனை சதவீதம் படி. பின்னத்தைத் தள்ளிவிடுவார்கள். 2024 ஜனவரியில் 50 சதவீதம், ஜூலையில் 53, 2025 ஜனவரியில் 55.

இதனால் நாங்கள் சொகுசாக இருக்கிறோம் என்று எண்ணிவிடக்கூடாது. படி என்பது சம்பள உயர்வு அல்ல. போன பொருளைத் திருப்பிக் கொடுப்பது. அதுவும் தாமதமாக. விலை முன்னால் ஓடும். படி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். கொரோனா காலத்தில் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை படி 17 சதவீதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது. 2021 ஜூலையில் 28 சதவீதம் ஆக்கினார்கள். இடைப்பட்ட 18 மாத நிலுவை வழங்கப்படவில்லை.

எண்ணைப் பார்த்து மயங்குவதற்கு எங்கள் சம்பளக் கமிஷனே நல்ல உதாரணம். 2016 ஜனவரி 1 முதல், கடைநிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 7,000 ரூபாயில் இருந்து 18,000 ஆனது. "இரண்டரை மடங்கு!" என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அந்த 7,000க்கு அன்றைய கணக்கில் 125 சதவீதம் படி உண்டு. இரண்டையும் சேர்த்தால் 15,750. ஆகவே உண்மையில் கூடியது 2,250 ரூபாய்தான். சதவீதத்தில் சொன்னால் 14க்குச் சற்று மேல். மீதி எல்லாம் பழைய படியை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்து எழுதியது.

மும்பையில் மில் தொழிலாளர்களுக்கும் ஒரு காலத்தில் புள்ளியோடு சேர்ந்த பஞ்சப்படி இருந்தது. 1982 ஜனவரி 18ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை இழந்தவர்கள் சின்னப் பட்டறை, கடை, காண்டிராக்ட் வேலை என்று சிதறினார்கள். அவர்கள் இழந்தது சம்பளத்தை மட்டும் அல்ல. விலை ஏறினால் தானாக ஏறும் அந்தப் படியையும் சேர்த்துத்தான்.

நான் சொன்ன யோசனை

இவ்வளவும் சொல்லிவிட்டு, முதலாளியின் காகிதத்தை எடுத்தேன். ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 18,500 ரூபாயின் மதிப்பு, இன்றைய விலையில்:-

ஓர் ஆண்டு முடிவில் 17,619 ரூபாய்.

இரண்டு ஆண்டு முடிவில் 16,780 ரூபாய்.

மூன்று ஆண்டு முடிவில் 15,981 ரூபாய்.

"பார்த்தீர்களா அண்ணாச்சி! மூன்றாவது ஆண்டு முடிவதற்குள் இப்போது வாங்கும் 16,500க்கும் கீழே போய்விடுகிறது. 4 சதவீதம் என்று வைத்தாலும் 16,446தான் வருகிறது. கையெழுத்துப் போடாதீர்கள்" என்று அடித்துச் சொன்னேன்.

அண்ணாச்சி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, நீ சொல்லுதது சரி. ஆனா நான் கையெழுத்துப் போடலைன்னா என்ன கிடைக்கும்? வழக்கம்போல தீபாவளிக்கு 500 தானே? அதுக்கும் விலைவாசி ஏறத்தானே செய்யும்? அதையும் கொஞ்சம் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். வழக்கமான முறையில் 2025 ஏப்ரல் முதல் 36 மாதத்துக்கு அவருக்குக் கிடைப்பது 6,19,500 ரூபாய். முதலாளி சொன்ன புது முறையில் 6,66,000 ரூபாய். புது முறையில் 46,500 ரூபாய் அதிகம்!

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் முதலாளி சொன்னதை இன்றைய சம்பளத்தோடு ஒப்பிட்டேன். அண்ணாச்சியோ, அதை விட்டால் கிடைக்கப்போவதோடு ஒப்பிட்டார். அவர் செய்ததே சரி. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்காக நாம் கைவிடுவது எதுவோ அதுதான் அதன் உண்மையான விலை. பொருளாதாரத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஊருக்குப் போக ஒரு வாரம் லீவு போட்டால் டிக்கெட் காசு மட்டும் செலவு அல்ல. அந்த வாரக் கூலியும் செலவுதான் என்று தினக்கூலிக்காரர்கள் கணக்குப் பார்ப்பதும் இதையேதான்.

பேரம்

அப்படியானால் கையெழுத்துப் போட்டுவிடலாமா? அதற்கு முன் இன்னொரு கேள்வி இருந்தது. முதலாளி ஏன் தானாக வந்து 2,000 ரூபாய் கூட்டுகிறார்?

அண்ணாச்சியே காரணம் சொன்னார். பட்டறையில் தையல் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். புது ஆர்டர் வந்திருக்கிறது. அனுபவம் உள்ள கைகள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. தக்காளி வரத்துக் குறைந்தால் விலை ஏறுவதுபோல, வேலை தெரிந்த ஆள் குறைந்தால் கூலி ஏறும். அதே நேரத்தில் முதலாளிக்கும் தோல், ஜிப், நூல் எல்லாம் விலை ஏறுகிறது. கூலிச் செலவாவது மூன்று ஆண்டு மாறாமல் இருந்தால் நிம்மதி என்று பார்க்கிறார்.

"அப்போ நமக்கும் கேக்க இடம் இருக்கு" என்றார் அண்ணாச்சி.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு யோசனை தயார் செய்தோம். முதல் ஆண்டு 18,500 வேண்டாம், 18,000 போதும். முதலாளிக்கு இப்போது கைப்பிடித்தம் இருப்பதால் அது அவருக்கும் வசதி. ஆனால் அடுத்த ஒவ்வோர் ஆண்டும் 5 சதவீதம் அளவுக்குக் கூட்ட வேண்டும். முதல் கூட்டு 900 ரூபாய்.

மறுவாரம் அண்ணாச்சி முதலாளியிடம் பேசினார். முதலாளி 500 என்றார். இவர் 900 என்றார். டீ வந்தது. கடைசியில் 700 என்று முடிந்தது.

அதன்படி முதல் ஆண்டு மாதம் 18,000. இரண்டாம் ஆண்டு 18,700. மூன்றாம் ஆண்டு 19,400. மூன்று ஆண்டில் மொத்தம் 6,73,200 ரூபாய். முதலில் எழுதிக் கொடுத்ததைவிட 7,200 ரூபாய் அதிகம். அதைவிட முக்கியம், விலைவாசி 5 சதவீதம் ஏறினாலும் மூன்றாம் ஆண்டு முடிவில் அவர் சம்பளம் இன்றைய விலையில் 16,758. பழைய 16,500க்குக் கீழே போகவில்லை. அடுத்த பேரமும் 18,500இல் இருந்து அல்ல, 19,400இல் இருந்து தொடங்கும்.

இது பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். 2016ஆம் ஆண்டு நிலைக்கு வர 17,244 வேண்டும் என்று பார்த்தோம். அதற்கு மேல் கொஞ்சம் ஏறியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் இந்த முறை என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறார்.

நீங்களே போடலாம்

இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. லேபர் பீரோ ஒவ்வொரு மாதக் கடைசியிலும் முந்திய மாதப் புள்ளியை வெளியிடுவது வழக்கம். பழைய சம்பளம் வாங்கிய காலத்துப் புள்ளி ஒன்று, இன்றைய புள்ளி ஒன்று. பழைய சம்பளத்தை இன்றைய புள்ளியால் பெருக்கி, பழைய புள்ளியால் வகுத்தால் போதும். வரும் தொகை உங்கள் இன்றைய சம்பளத்தைவிட அதிகமா, குறைவா என்று பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 2020 செப்டம்பர் மாதத்தில் இருந்து 2016ஐ 100 ஆக வைத்த புதுப் புள்ளி வந்தது. அதற்கு முன் 2001ஐ 100 ஆக வைத்த பழைய புள்ளி. பழையதையும் புதியதையும் கலந்துவிடக்கூடாது. புதுப் புள்ளியை 2.88ஆல் பெருக்கினால் பழைய புள்ளிக் கணக்குக்கு வந்துவிடும்.

சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியிலும் விலைப் புள்ளியை ஒட்டி மாறும் படி ஒன்று உண்டு. மத்திய அரசின் கீழ் வரும் வேலைகளுக்கு அதை ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிகளில் திருத்துவது வழக்கம். ரெயில்வே ஸ்டேஷனில் காண்டிராக்டில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கேட்காத ஒருவர்

இத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் அன்று அண்ணாச்சி கிளம்பும்போது வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, இன்னொரு கணக்கு. 2016-ல வீட்டுக்கு மாசம் ஏழாயிரம் அனுப்பினேன். இப்போ எட்டாயிரம் அனுப்புதேன். இது எப்படி?"

அதே கணக்குதான். 2016ஆம் ஆண்டின் 7,000 ரூபாய்க்குச் சமமாக 2024 டிசம்பரில் 10,059 ரூபாய் அனுப்ப வேண்டும். அவர் அனுப்பியது 8,000. அன்றைய மதிப்பில் 5,567 ரூபாய். ஆயிரம் ரூபாய் கூட்டி அனுப்புவதாக அவர் நினைத்திருந்தார். உண்மையில் 1,433 ரூபாய் குறைத்து அனுப்பியிருக்கிறார்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மெஸ்காரர் வருசா வருசம் கேட்டார். கூட்டிக் கொடுத்தோம். ரூம்காரர் கேட்டார். கூட்டிக் கொடுத்தோம். வீட்டுல கேக்கலை. அதான் கூட்டலை" என்றார்.

ஊரில் மனைவி முன்பைவிட அதிகமாகப் பீடி சுற்றுவது அவருக்குத் தெரியும். பொழுது போவதற்காகச் சுற்றுகிறாள் என்று நினைத்திருந்தாராம். துண்டு விழுந்த பணத்தை அந்த அம்மாள் தன் விரல்களால் ஈடுகட்டியிருக்கிறார். எந்தப் புள்ளியிலும் இது வராது.

புதுச் சம்பளத்தின் முதல் மாதப் பணம் மே முதல் வாரத்தில் கைக்கு வந்தது. கூடிய 1,500 ரூபாயையும், மாதாமாதம் கையில் மிஞ்சும் 500 ரூபாயையும் சேர்த்து அண்ணாச்சி ஊருக்கு 10,000 ரூபாய் அனுப்பினார். அன்று இரவே ஊரில் இருந்து போன் வந்தது.

"இந்த மாசம் கூட வந்திருக்கே, யார்கிட்டயும் கடன் வாங்கினீங்களா?" என்று அந்த அம்மாள் பயந்துபோய்க் கேட்டாராம்.

"கடன் வாங்கலை. பழைய பாக்கி" என்று அண்ணாச்சி சொன்னாராம். மறுநாள் என்னைப் பார்த்தபோது, "கணக்குப்படி இன்னும் 59 ரூபாய் குறையுதே தம்பி, அடுத்த மாசம் சேர்த்து அனுப்பிரணும்" என்றார்.